வீட்டு ஸ்ட்ரீமிங் இசைக்கு விலை உயர்ந்த நெட்வொர்க் சுவிட்ச் வாங்கலாமா?

தம்பூரா_நங்கநல்லூர்:

அனைவருக்கும் வணக்கம். ஆடியோவுக்கென்றே தயாரிக்கப்படும் நெட்வொர்க் சுவிட்ச் (பல கருவிகளைக் கேபிள்வழி ஒரே நெட்வொர்க்கில் இணைக்கும் பெட்டி) ஒன்றை வாங்கும்படி நண்பர் ஒருவர் வற்புறுத்துகிறார். அதன் விலை என் ஆம்ப்ளிஃபயரின் விலையில் பாதிக்கு மேல் வருவதால், வாங்குவதற்கு முன் உங்கள் கருத்தைக் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

வாசலுக்கு அருகே ஃபைபர் இணைப்பு வந்து நிற்கிறது. அங்குள்ள ரவுட்டரிலிருந்து ஒரு கேபிள் கூடத்துக்கு வந்து, சாதாரண பிளாஸ்டிக் உறை போட்ட எட்டு போர்ட் சுவிட்சில் சேர்கிறது. தொலைக்காட்சி, செட்டாப் பெட்டி, பாடல்களைச் சேமித்து வைத்திருக்கும் ஹார்ட் டிஸ்க் பெட்டி, இணையத்திலிருந்து பாட்டை வாங்கி ஓட்டும் ஸ்ட்ரீமர் ஆகிய நான்கும் அதில்தான் இணைந்திருக்கின்றன. ஸ்ட்ரீமரிலிருந்து யுஎஸ்பி வழியாக, டிஜிட்டல் எண்களை ஒலி சிக்னலாக மாற்றும் டிஏசி, அதிலிருந்து ஆம்ப், பிறகு இரண்டு புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்கள். நான் கேட்பது பெரும்பாலும் கர்நாடக இசை. கச்சேரி தொடங்கும் முன் தம்பூரா மட்டும் ஒலிக்கும் சில நொடிகளில், சுருதிக்குப் பின்னால் ஏதோ மெல்லிய மாசு இருப்பதுபோல் தோன்றுகிறது.

வெப்பநிலை மாறினாலும் பிசகாத ஆசிலேட்டர் (சுவிட்சின் உள் கடிகாரம்), இரைச்சல் குறைந்த தனி லீனியர் பவர் சப்ளை, கனமான உலோக உறை ஆகியவற்றால் இந்த மாசு நீங்கும் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். சுவிட்ச் ஒலியை மாற்ற முடியுமா, முடியுமென்றால் எந்த வழியாக, அதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்க இயலுமா என்பவையே என் கேள்விகள்.

கிண்டி_பொறியாளர்:

நல்ல கேள்வி. இசைத் தரவு செல்லும் வழி வேறு, மின் இரைச்சல் செல்லும் வழி வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் இந்தத் தலைப்பில் எப்போதும் வாக்குவாதம் முற்றுகிறது. எனவே முதலில் தரவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

சிடி தரம் என்பது நொடிக்கு 44,100 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட், இரண்டு சேனல்கள். பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு ஏறத்தாழ 1.41 மெகாபிட் வருகிறது. தரம் இழக்காத ஃபிளாக் முறையில் சுருக்கினால் அதிலும் குறையும். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ கூடச் சுருக்காத நிலையில் 9.2 மெகாபிட்தான். உங்கள் பிளாஸ்டிக் சுவிட்சின் ஒரு போர்ட் கிகாபிட் வேகம் உடையதாக இருந்தால் இதைப்போல் நூறு மடங்கு சுமையைத் தாங்கும். ஆகவே வேகப் பற்றாக்குறை என்ற பேச்சுக்கே இடமில்லை.

பிழை நேர்ந்தால் என்ன ஆகும்? கேபிள்வழி நெட்வொர்க்கான ஈதர்நெட்டில் தரவு சட்டகங்கள் எனும் சிறு கட்டுகளாகச் செல்கிறது. ஒவ்வொரு சட்டகத்தின் இறுதியிலும் 32 பிட் சரிபார்ப்பு எண் ஒன்று இருக்கிறது. ஒரு பிட் மாறியிருந்தாலும் சுவிட்ச் அந்தச் சட்டகத்தையே தூக்கி எறிந்துவிடும். இசைச் சேவைகள் பயன்படுத்தும் டிசிபி நெறிமுறை, வராத பகுதியை மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். ஸ்ட்ரீமரின் நினைவகத்தில் சேர்வது மூலக் கோப்பில் இருந்த அதே எண்கள்தாம். மறுபடி கேட்டும் வந்து சேராவிட்டால் பாட்டு நின்றுபோகும். உயர் ஸ்வரங்கள் மங்குவது, மேடையின் ஆழம் குறைவது போன்ற இடைநிலைக் கோளாறு எதுவும் இந்த வழியில் உண்டாவதற்கில்லை.

அடுத்தது ஜிட்டர், அதாவது நேரக் கணக்கில் வரும் சிறு தடுமாற்றம். இங்கேதான் விளம்பரங்கள் வாசகரைத் திசைதிருப்புகின்றன. நம் ஊரில் தண்ணீர் லாரி எந்த நேரத்தில் வந்தாலும், சம்ப்பிலும் மாடித் தொட்டியிலும் ஏறிய பிறகு குழாயில் ஒரே சீராகத்தான் விழுகிறது. ஸ்ட்ரீமரின் பஃபர் (தரவைத் தற்காலிகமாகச் சேர்த்து வைக்கும் நினைவகம்) செய்வதும் அதுவே. பாக்கெட்டுகள் முன்னும் பின்னுமாக வந்து நினைவகத்தில் தங்குகின்றன. அவை ஒலியாக மாறும் கணத்தைத் தீர்மானிப்பது டிஏசியில் இருக்கும் கடிகாரம். பெரும்பாலான கருவிகளில் அது 22.5792 மெகாஹெர்ட்ஸ், 24.576 மெகாஹெர்ட்ஸ் என இரண்டு ஆசிலேட்டர்களாக இருக்கும். சுவிட்சின் ஆசிலேட்டரோ பொதுவாக 25 மெகாஹெர்ட்ஸில் ஓடுவது. முன்னதற்கும் பின்னதற்கும் எந்தப் பிணைப்பும் இல்லை. அசிங்க்ரனஸ் யுஎஸ்பி இணைப்பில் தனக்கு எவ்வளவு தரவு, எப்போது வேண்டும் என்று டிஏசிதான் ஸ்ட்ரீமருக்குச் சொல்கிறது. ஈதர்நெட் விதிகளே சுவிட்சின் கடிகாரத்துக்குப் பத்து லட்சத்தில் நூறு பங்கு வரை விலகல் அனுமதிக்கின்றன. அதை ஒரு பங்காகக் குறைத்தாலும் டிஏசியின் கடிகாரத்துக்கு அந்தச் செய்தி போய்ச் சேராது.

பெசன்ட்நகர்_செவி:

கிண்டி நண்பர் சொன்ன ஒவ்வொரு வரியையும் ஒப்புக்கொள்கிறேன். பிட்டுகள் மாறுவதில்லை. ஆயினும் என் வீட்டில் அத்தகைய சுவிட்ச் ஒன்றை இணைத்த பிறகு மிருதங்கத்தின் இடந்தலைக்கு ஒரு கனம் வந்தது என்பதையும், பாடகரின் குரல் ஸ்பீக்கரை விட்டு விலகி நின்றது என்பதையும் என்னால் மறுக்க இயலாது. பல்லாண்டுகளாகச் சபாக்களில் முன்வரிசையில் அமர்ந்து கேட்டுப் பழகிய செவி இது.

கேபிள் என்பது செம்புக் கம்பி. பிட்டுகளோடு சேர்த்து மின்சாரத்தையும் அது கடத்தும். விலை மலிவான இரண்டு முள் அடாப்டர் போட்ட சுவிட்சை இணைத்துவிட்டு, ஸ்ட்ரீமரின் உலோக முதுகைப் புறங்கையால் மெல்ல வருடிப் பாருங்கள். சில வீடுகளில் எறும்பு ஊர்வதுபோன்ற சிறு அதிர்வு விரலில் தெரியும். அந்தக் கசிவு மின்னோட்டம் டிஏசியின் கிரவுண்டு வழியாக ஆம்ப்புக்குப் போனால் ஒலியில் மாற்றம் வராது என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்? அப்டோன் நிறுவனத்தின் ஈதர்ரீஜென் போன்ற ஆடியோ சுவிட்சுகளில் ஒரு பக்கத்துப் போர்ட்டுகளையும் மறுபக்கத்துப் போர்ட்டையும் மின்வழியில் தனித்தனியாகப் பிரித்து வைத்திருப்பது இதற்காகத்தானே?

கிண்டி_பொறியாளர்:

ஐயா, நீங்கள் சுட்டிய வழி உண்மையானது. நானும் அங்கேதான் வர நினைத்தேன். விரலில் உணரும் அந்த அதிர்வுக்குக் காரணம், அடாப்டரின் இருபுறத்தையும் இணைக்கும் சிறு கெபாசிட்டர். உயர் அதிர்வெண் இரைச்சலைக் கட்டுப்படுத்த அதை வைக்கிறார்கள். அதன் வழியே 50 ஹெர்ட்ஸ் மின்சாரமும் மிகச் சிறிதளவு கசிகிறது. ஆபத்தில்லாத அளவுதான் என்றாலும், டிஏசிக்கும் ஆம்ப்புக்கும் இடையிலான ஆர்சிஏ ஆடியோ கேபிளின் வெளிக்கம்பி வழியாக அது எர்த்தைத் தேடிச் சென்றால், சிக்னலோடு கலந்து முனகலாக வெளிப்பட வாய்ப்பு உண்டு.

ஆனால் ஈதர்நெட் கேபிள் இந்தக் கசிவுக்கு எளிதான பாதை இல்லை. செம்புவழி ஈதர்நெட் போர்ட்டுகளில் சிறு டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கின்றன. 1500 வோல்ட் மாறுமின்னழுத்தத்தை ஒரு நிமிடம் தாங்க வேண்டும் என்பது ஈதர்நெட்டுக்கான ஐஇஇஇ 802.3 தரநிலையின் விதி. மலிவான சுவிட்சும் இதற்கு உட்பட்டதே. டிரான்ஸ்ஃபார்மரின் சுருள்களுக்கு இடையில் இயல்பாகவே இருக்கும் மிகச் சிறிய கெபாசிட்டன்ஸ் வழியாக உயர் அதிர்வெண் இரைச்சல் ஓரளவு தாண்டும். 50 ஹெர்ட்ஸுக்கு அது கிட்டத்தட்ட மூடிய கதவு. ஒரு விதிவிலக்கு உண்டு. உலோகத் தலையும் உலோக உறையும் கொண்ட எஸ்டிபி கேபிளைப் போட்டால், இரு கருவிகளின் உலோக உடலும் (சேஸிஸ்) அந்த உறை வழியாக நேரடியாக இணைந்து, டிரான்ஸ்ஃபார்மர் செய்த வேலை வீணாகிவிடும். பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் ஆடியோ ஈதர்நெட் கேபிள்களில் இந்த வகை நிறைய இருக்கிறது என்பது வருந்தத்தக்கது.

தாண்டி வந்த இரைச்சல் ஒலியைத் தொட்டதா என்பதை டிஏசியின் வெளியீட்டில் அளந்து பார்க்க முடியும். ஒலிக் கருவிகளை அளந்து வெளியிடும் ஆடியோ சயின்ஸ் ரிவ்யூ தளத்தில் ஈதர்ரீஜெனை அப்படி அளந்தபோது, அதை இணைத்ததாலோ எடுத்ததாலோ டிஏசியின் வெளியீட்டில் வேறுபாடு காணப்படவில்லை. ஒழுங்காக வடிவமைத்த டிஏசி வரும் இரைச்சலைத் தன் வாசலிலேயே நிறுத்திவிடும். மோசமாக வடிவமைத்த ஒன்றில் வேறுபாடு வரக்கூடும் என்பதை மறுக்கவில்லை. அப்போது மாற்ற வேண்டியது அந்த டிஏசியை என்பதே என் கருத்து.

மயிலை_ரசிகை:

அளவுக் கருவி இல்லாதவர்கள் செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. அதற்குச் செலவும் இல்லை, இரண்டாவது சுவிட்சும் தேவையில்லை. ஸ்ட்ரீமருக்குப் பின்னால் போகும் ஈதர்நெட் கேபிளைப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கழற்றிவிடுங்கள்.

என் வீட்டில் நான் இதைச் செய்வது இப்படி. தம்பூராவும் குரலும் மட்டும் உள்ள நிதானமான ஆலாபனை ஒன்றை ஓடவிட்டு, அரை நிமிடம் பொறுத்திருப்பேன். அதற்குள் பஃபர் நிரம்பிவிடும். பிறகு கேபிள் தலையின் நாக்கை அழுத்தி மெதுவாக இழுத்தால், போர்ட்டின் பச்சை விளக்கு அணையும், பாட்டு நிற்காது. அந்தக் கணத்திலிருந்து சுவிட்ச், அதன் அடாப்டர், ஆசிலேட்டர், கேபிள் எல்லாமே ஸ்ட்ரீமரைப் பொறுத்தவரை இல்லாதவை. உலகிலேயே சிறந்த சுவிட்ச்கூட இதைவிடத் தூய்மையான நிலையைத் தர முடியாது. சுவிட்சால் ஒலி மாசுபடுகிறது என்றால் இப்போது தம்பூராவின் பின்னணி தெளிய வேண்டும். மீண்டும் செருகும்போது அந்த மாசு திரும்பி வர வேண்டும்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. ஸ்ட்ரீமரில் வைஃபையை முன்கூட்டியே அணைத்துவிடுங்கள். இல்லையெனில் கேபிள் போனதும் அது வைஃபைக்குத் தாவி, சோதனையைக் குழப்பிவிடும். மேலும், பஃபர் எவ்வளவு நேரம் தாங்கும் என்பது கருவிக்குக் கருவி மாறும். சில கருவிகள் முழுப் பாட்டையும் உள்ளே வாங்கிக்கொள்கின்றன, சில பத்து நொடியில் நின்றுவிடுகின்றன. கேபிளை நீங்களே இழுக்காமல் வீட்டில் வேறொருவரை இழுக்கச் சொல்லி, ஸ்பீக்கரைப் பார்த்தபடி அமர்ந்து, மாற்றம் தெரியும் கணத்தில் கையை உயர்த்துங்கள். எப்போது இழுக்கப்படுகிறது என்று தெரியாமல் கேட்பதுதான் இந்தச் சோதனைக்கு உயிர்.

வடபழனி_வலையமைப்பு:

நான் வீடுகளிலும் அலுவலகங்களிலும் நெட்வொர்க் கேபிள் இழுத்துத் தரும் தொழிலில் இருக்கிறேன். ஸ்ட்ரீமிங் சரியில்லை என்று அழைப்பவர்கள் வீட்டில் நான் பார்க்கும் கோளாறுகள் பெரும்பாலும் சுவிட்சின் தரத்தோடு தொடர்பில்லாதவை.

முதலிடம் கேபிளுக்கு. ரிச்சி தெருவில் கேட்6 என்று மலிவாகக் கிடைக்கும் சுருள்களில் பல, செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பிகள். வாங்கும்போது நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளியாக மின்னினால் அது அலுமினியம். அது எளிதில் ஒடியும், தலை கிரிம்ப் செய்த இடத்தில் நாளடைவில் தொடர்பு தளரும். கிகாபிட் இணைப்புக்கு நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். ஒரு ஜோடி போனால் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடலாம். போர்ட் விளக்கின் நிறம் மாறியிருப்பதை வைத்தே இதைக் கண்டுபிடிக்கலாம். இசைக்கு 100 மெகாபிட்டே தாராளம் என்றாலும், அது கேபிள் கெட்டுவருகிறது என்பதற்கான முன்னறிவிப்பு. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றால் தலையின் உலோகத் தகடுகள் பச்சை பூத்திருப்பதையும் அடிக்கடி பார்க்கிறேன். தலையை வெட்டிவிட்டுப் புதிதாகப் போட்டால் சரியாகிவிடும்.

இரண்டாவது, அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வைஃபை நெரிசல். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. ஒரு தளத்தில் எட்டு வீடுகள் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பாட்டு விட்டு விட்டு வருகிறது என்றால் ஸ்ட்ரீமரைக் கேபிளுக்கு மாற்றுவதுதான் தீர்வு. அதற்குச் சாதாரண சுவிட்ச் போதும்.

நல்ல சுவிட்ச் தேவைப்படும் இடமும் உண்டு. ஸ்டுடியோக்களிலும் அரங்குகளிலும் பயன்படும் டான்டே போன்ற முறைகளில், பெரிய பஃபர் இல்லாமல் ஒலி நேரடியாக நெட்வொர்க்கில் ஓடுகிறது. கருவிகளின் கடிகாரங்கள் நெட்வொர்க் வழியாகவே ஒத்திசைகின்றன. அங்கே 802.3ஏஇசட் எனப்படும் மின்சேமிப்பு வசதியை சுவிட்சில் அணைக்க வேண்டும், ஒரே தரவைப் பல கருவிகளுக்கு அனுப்பும் மல்டிகாஸ்ட் போக்குவரத்தை ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் என்ற வசதியை வைத்துக் கட்டுப்படுத்த வேண்டும். தவறினால் ஒலியில் வெடிப்புச் சத்தம் கேட்கும். இத்தனைக்கும் அந்த அரங்குகளில் வைப்பது அமைப்புகளை மாற்றக்கூடிய சாதாரண அலுவலக வகை மேனேஜ்டு சுவிட்சுகளையே. அத்தகைய சுவிட்ச் ஒன்று உங்களிடம் இருந்தால் அதன் நிர்வாகப் பக்கத்துக்குள் நுழைந்து, போர்ட்டின் சிஆர்சி (கிண்டி நண்பர் சொன்ன சரிபார்ப்பு எண்) பிழைக் கணக்கைப் பாருங்கள். அது பூஜ்யம் காட்டினால் அந்தப் போர்ட்டுக்கு வந்த சட்டகம் ஒன்றுகூடச் சிதையவில்லை என்று பொருள்.

கடைசியாக, தம்பூரா சார் சொன்ன மாசைப் பற்றி. உங்கள் வீட்டில் செட்டாப் பெட்டி இருக்கிறது, அது கேபிள் டிவி இணைப்பு என்றால் அதன் கோஆக்சியல் கம்பியை முதலில் சந்தேகியுங்கள். அந்தக் கம்பியின் வெளியுறை தெருவில் எங்கோ ஓரிடத்தில் எர்த்தோடு சேர்ந்திருக்கும். உங்கள் ஆம்ப் வீட்டு எர்த்தோடு சேர்ந்திருக்கும். இரண்டு எர்த்துக்கும் இடையிலான வேறுபாடு எச்டிஎம்ஐ வழியாகவோ ஆடியோ கம்பி வழியாகவோ ஆம்ப்புக்குள் வந்து 50 ஹெர்ட்ஸ் முனகலாகக் கேட்கும்.

தம்பூரா_நங்கநல்லூர்:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. மயிலை அம்மா சொன்னபடி செய்து பார்த்தேன். மகள் கேபிளைக் கழற்றியபோதும் செருகியபோதும் எனக்கு வேறுபாடு எதுவும் பிடிபடவில்லை. நான் கை உயர்த்திய கணங்களுக்கும் அவள் கேபிளைத் தொட்ட கணங்களுக்கும் தொடர்பே இல்லை.

பிறகு பாட்டை நிறுத்திவிட்டு, வால்யூமை வழக்கமான இடத்தில் வைத்து, ஸ்பீக்கர் அருகே காதைக் கொண்டுபோனேன். உயர் ஒலிக்கான ட்வீட்டரில் லேசான சீறலும் தாழ் ஒலிக்கான வூஃபரில் மெல்லிய முனகலும் இருந்தன. ஈதர்நெட் கேபிளைக் கழற்றியபோதும் இரண்டும் அப்படியே நீடித்தன. செட்டாப் பெட்டியின் கோஆக்சியல் கம்பியைத் திருகிக் கழற்றியதும் முனகல் போய்விட்டது. சீறல் மட்டும் மிச்சம். அது ஆம்ப்பின் சொந்த இரைச்சல் என்று நினைக்கிறேன், நான் அமரும் இடத்தில் கேட்கவும் இல்லை. தம்பூராவின் மந்தர ஸ்வரத்துக்கு அடியில் நான் உணர்ந்தது இந்த முனகலைத்தான் என்று இப்போது புரிகிறது. கோஆக்சியல் வழியில் எர்த் தொடர்பை அறுக்க வைக்கும் சிறு ஐசொலேட்டர் ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறேன்.

மனநிம்மதிக்காக, மின் சிக்னலை ஒளியாகவும் ஒளியை மீண்டும் மின் சிக்னலாகவும் மாற்றும் ஃபைபர் மீடியா கன்வர்ட்டர் வைப்பது பயன் தருமா என்று ஒரு துணைக் கேள்வி.

கிண்டி_பொறியாளர்:

கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், இரு கன்வர்ட்டர்களுக்கு இடையில் மின்தொடர்பு முழுவதும் அறுந்துவிடும். ஆடியோ சுவிட்சுகள் செய்வதாகச் சொல்லும் வேலையை அவற்றின் விலையில் சிறு பங்கிலேயே இது செய்துவிடும். ஆனால் ஸ்ட்ரீமர் பக்கத்துக் கன்வர்ட்டருக்கும் ஓர் அடாப்டர் வேண்டும். அதன் கசிவு ஸ்ட்ரீமருக்கு மிக அருகிலிருந்து வரும். எனவே அந்த இடத்தில் நல்ல அடாப்டரைப் போடாமல் செய்தால் பயனில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இடி மின்னலால் போர்ட்டுகள் எரிந்துபோவதைத் தடுக்க இது உதவும் என்பது என்னைப் பொறுத்தவரை வலுவான காரணம். உங்கள் சோதனையில் ஈதர்நெட் கேபிளால் மாற்றமே தெரியாத நிலையில், ஒலிக்காக இதை வாங்க வேண்டியதில்லை.

பெசன்ட்நகர்_செவி:

கேபிளைக் கழற்றும் சோதனையின் நியாயத்தை ஏற்கிறேன். என் தயக்கம் வேறு. சில நொடிகளில் முடியும் சோதனையில் செவி பதற்றத்தோடு வேறுபாட்டைத் தேடுகிறது. நல்ல சாதனத்தின் அருமை ஒரு மாலை முழுவதும் சோர்வில்லாமல் கேட்கும்போதுதான் தெரிகிறது. இதை எப்படிச் சோதிப்பது?

மயிலை_ரசிகை:

அவசரப்படாமலும் சோதிக்கலாம் ஐயா. இரண்டு சுவிட்சுகளையும் ஒரே அலமாரியில் மூடி வையுங்கள். வீட்டில் ஒருவர் தினமும் நாணயம் சுண்டி, விழும் பக்கத்துக்கு ஏற்ப ஒன்றை இணைத்துத் தனியாகக் குறித்துக்கொள்ளட்டும். நீங்கள் மாலை முழுவதும் உங்கள் விருப்பப்படி கேட்டுவிட்டு, இன்று எது என்று எழுதி வையுங்கள். வால்யூமைத் தொடக்கத்தில் ஓரிடத்தில் வைத்துவிட்டுத் தொடாதீர்கள். மிகச் சிறிய ஒலியளவு வேறுபாட்டைக்கூடச் செவி தர வேறுபாடாக எடுத்துக்கொள்ளும். பதினாறு மாலைகளில் பன்னிரண்டோ அதற்கு மேலோ சரியாகச் சொன்னால், வெறும் ஊகத்தால் அது நிகழும் வாய்ப்பு நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. அப்போது உங்கள் செவி சொன்னதை நாங்கள் அனைவரும் கேட்டாக வேண்டும். விளக்குகளின் நிறம் தெரியாதபடி போர்ட்டுகளைத் துணியால் மறைத்துவிடுங்கள்.

பெசன்ட்நகர்_செவி:

இது நியாயமான முறை. மார்கழிக் கச்சேரிகள் முடிந்ததும் தொடங்குகிறேன். முடிவு எந்தப் பக்கம் வந்தாலும் இங்கேயே எழுதுவேன். நான் போட்டிருப்பது உலோகத் தலை கொண்ட கேபிள் என்பதை மட்டும் இப்போது கவனித்தேன். சோதனைக்கு முன் அதை மாற்ற வேண்டுமா?

வடபழனி_வலையமைப்பு:

மாற்றிவிடுங்கள் சார். இரண்டு சுவிட்சுகளுக்கும் ஒரே நீளத்தில், பிளாஸ்டிக் தலை போட்ட, முழுச் செம்புக் கம்பியாலான, உலோக உறை இல்லாத சாதாரண யுடிபி கேட்6 வாங்கிக்கொள்ளுங்கள். பழைய கேபிளை எறிய வேண்டாம். முதலில் இரு கேபிள்களுக்கும் இடையில் வேறுபாடு கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால், நீங்கள் உணர்ந்த மாற்றத்துக்குக் காரணம் சுவிட்சா அந்த உலோக உறையா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.